தவாங் தந்த கவிஞர்

இந்தியாவின் அருணாசலப் பிரதேசத்தில், பூட்டானும் திபெத்தும் நெருங்கிவரும் மலைமூலையில் இருக்கிறது தவாங். உயரம் ஏறக்குறைய 3000 மீற்றர். அசாமிலிருந்து செல்பவர்கள் 4170 மீற்றர் உயரமான சேலா கணவாயைத் தாண்டியே அங்கு போகவேண்டியிருந்தது. பனி கொட்டினால் பாதை அடைபட்டுவிடும். 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட சுரங்கப்பாதை அந்தத் தொல்லையைக் குறைத்திருக்கிறது.

ஊருக்கு மேலே மலைமுகட்டில் கோட்டைபோல் நிற்கும் பெரிய மடாலயத்தை 1681 அளவில் மேராக் லாமா நிறுவினார். போகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள், உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீரைக் குடித்து முகத்தைச் சுளிக்கிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். ஆனால் இலக்கிய ஆர்வம் உள்ளவர் இறங்கிப் போகவேண்டிய இடம் ஊருக்குக் கீழே இருக்கும் ஊர்கெல்லிங் என்னும் சிறிய கோயில். ஆறாவது தலாய் லாமா சங்யாங் கியாட்சோ 1683இல் பிறந்தது அங்கேதான்.

அங்கு வாழும் மொன்பா மக்களிடையே, மூன்று ஆண்மக்கள் உள்ள வீட்டார் நடுப்பிள்ளையை மடத்துக்குக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. பிள்ளையின் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. சங்யாங் கியாட்சோவிடமும் யாரும் கேட்கவில்லை. 1682இல் ஐந்தாவது தலாய் லாமா இறந்த செய்தியை ஆட்சிப் பொறுப்பாளர் பதினைந்து ஆண்டுகள் மறைத்துவைத்தார். அதனால் அவருடைய மறுபிறவி எனக் கருதப்பட்ட சிறுவனும் மறைவிலேயே வளர்க்கப்பட்டான். 1697இல் லாசாவின் பொத்தாலா மாளிகையில் அரியணை ஏறியபோது அவனுக்கு வயது பதினான்கு.

அவர் பிறந்தது இல்லறம் நடத்தும் லாமாக்களின் பரம்பரையில். அமர்த்தப்பட்டதோ துறவு வழுவாத பீடத்தில். இந்த முரண்பாட்டை விட்டுவிட்டு அவரைக் குறைகூறுவது நியாயமல்ல என்பது என் எண்ணம். 1702இல் முழுத் துறவு ஏற்பதற்குப் பதிலாக, முன்பு ஏற்ற விரதங்களையும் பஞ்சன் லாமாவிடம் அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். தலைமுடி வளர்த்தார், சாதாரண உடை உடுத்தார், பாடல்கள் கட்டினார். நான்கு அடி, அடிக்கு ஆறு அசை, அவ்வளவே அவற்றின் அளவு. பெரும்பாலும் காதலும் பிரிவும்தான் பொருள். அவர் பெயரில் வழங்கும் எல்லாமே அவர் இயற்றியவையா என்று அறிஞர்கள் ஐயுறுகிறார்கள். பாடும் மக்களுக்கு அந்த ஐயம் கிடையாது.

மங்கோலியத் தலைவன் லசாங் கான் 1706இல் அவரைப் பதவி நீக்கிச் சீனாவுக்கு அனுப்பினான். வழியில், கோகோநோர் ஏரிப் பக்கத்தில், இருபத்து மூன்றாவது வயதில் அவர் இறந்தார். வேறொருவரை ஆறாவது தலாய் லாமா என்று லசாங் கான் அமர்த்தியபோது, திபெத்தியர் பலர் அவரை ஏற்க மறுத்தனர். துறவைத் துறந்த கவிஞரையே தங்கள் லாமாவாகக் கொண்டனர். அவருடைய பாடல் ஒன்றில் லித்தாங் என்ற ஊரின் பெயர் வருகிறது. மறுபிறவியை எங்கே தேடுவது என்ற கேள்வி எழுந்தபோது அந்தப் பாடலையே அவர்கள் குறிப்பாக எடுத்துக்கொண்டார்கள். 1708இல் லித்தாங்கில் பிறந்த குழந்தைதான் ஏழாவது தலாய் லாமா.