கம்பெனி லோகோவை விக்கிப்பீடியாவுல ஏத்தச் சொன்னாங்களா? ‘என் சொந்தப் படைப்பு’ன்னு டிக் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



வழக்கமா இங்க எஸ்ஐபி, ஹெச்ஆர்ஏ, வரித் தாக்கல்னு பேசுவோம். இன்னிக்கு கொஞ்சம் வேற விஷயம். மார்க்கெட்டிங் டீம்ல புதுசா சேர்ந்த ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: “சார், விக்கிப்பீடியாவுல எங்க கம்பெனி பக்கத்துல லோகோ இல்ல, ஏத்திடுன்னு மேனேஜர் சொல்லிட்டார். ஏத்தப் போனா, இது உங்க சொந்தப் படைப்பான்னு கேக்குது. நான் கம்பெனி ஆளுதானே, ஆமான்னு போட்டுடலாமா?”

போடாதீங்க. ஏன்னு சொல்றேன்.

விக்கிப்பீடியாவுக்குப் படம் ரெண்டு இடத்துல இருந்து வருது. ஒண்ணு, விக்கிமீடியா காமன்ஸ். எல்லா மொழி விக்கிப்பீடியாவுக்கும் பொதுவான படக் கிடங்கு அது. அங்க இருக்கிற படத்தை யார் வேணும்னாலும் எடுக்கலாம், மாத்தலாம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். அப்படித் திறந்து விடப்பட்ட படங்களுக்கு மட்டும்தான் அங்க இடம். ரெண்டாவது, அந்தந்த மொழி விக்கிப்பீடியாவோட சொந்தக் கிடங்கு. ஆங்கில விக்கிப்பீடியாவுல, அடுத்தவருக்குக் காப்புரிமை உள்ள படத்தையும் ‘நியாயப் பயன்பாடு’ன்னு காரணம் எழுதி இந்தச் சொந்தக் கிடங்குல வைக்கலாம். எல்லா மொழியிலும் இதுக்கு அனுமதி கிடையாது. விக்கிமீடியா அறக்கட்டளை 2007ல போட்ட தீர்மானப்படி, இந்த விதிவிலக்கு வேணுமா வேண்டாமான்னு ஒவ்வொரு மொழிச் சமூகமும் தானே முடிவு பண்ணலாம். காமன்ஸுக்கு மட்டும் விதிவிலக்கே கிடையாது.

தம்பி போய் நின்னது காமன்ஸ் வாசல்ல. அங்க ‘என் சொந்தப் படைப்பு’ன்னு டிக் போட்டு, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தையும் தேர்வு பண்ணினா என்ன அர்த்தம்? “இந்த ஓவியத்துக்கு நான்தான் உரிமையாளர், உலகத்துல யார் வேணும்னாலும் இதை எடுத்து விக்கலாம், இந்த அனுமதியை நான் திரும்ப வாங்க மாட்டேன்”னு நீங்க எழுதிக் கொடுக்கறீங்க. உங்களுதே இல்லாத ஒரு சொத்துக்கு! வீட்டு ஓனரைக் கேக்காம வாடகைக்கு இருக்கிறவர் வீட்டை எழுதிக் கொடுக்கிற மாதிரிதான் இது. கொடுக்க அதிகாரம் இல்லாததால அந்த உரிமம் செல்லாதுன்னு அப்புறமா வாதாடலாம். காமன்ஸ் தன்னார்வலர்களும் கண்டுபிடிச்சு நீக்கிடுவாங்க. ஆனா அதுவரைக்கும் யார் யார் எடுத்தாங்களோ! பதிவுல இருக்கிற யூசர் பேரும் உங்களுது.

“நானே வரைஞ்ச லோகோ சார்”னு சில டிசைனர்கள் சொல்லலாம். சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது வரைஞ்சது, வேற ஒப்பந்தம் இல்லாத வரைக்கும் முதலாளிக்குத்தான் சொந்தம். நம்ம 1957 காப்புரிமைச் சட்டத்தோட 17ஆவது பிரிவு அதைச் சொல்லுது. வெளியில ஃப்ரீலான்ஸர்கிட்ட வரைஞ்சு வாங்கியிருந்தா கதை வேற. உரிமையை எழுத்துல மாத்தி வாங்கலைன்னா, அது கம்பெனியோடதுதானான்னே கேள்வி வரும். கம்பெனியை விக்கும்போது வாங்குறவரோட ஆடிட்டர் கேக்குற கேள்விகள்ல இதுவும் ஒண்ணு. அப்போ அந்த டிசைனரைத் தேடி அலையணும்.

சிஏ கண்ணுல ஒரு வார்த்தை. நீங்களே வளர்த்த பிராண்டை பேலன்ஸ் ஷீட்டுல சொத்தா காட்ட கணக்கியல் தரம் விடாது. அதையே இன்னொரு கம்பெனி காசு கொடுத்து வாங்கினா சொத்தாயிடும். டிரேட்மார்க்குக்கு வருமான வரியில வருஷம் 25% தேய்மானமும் கிடைக்கும். கணக்குல தெரியலைங்கறதால மதிப்பு இல்லைன்னு நினைச்சுடாதீங்க.

ஒரு லோகோ, ரெண்டு உரிமை

பலரும் குழம்புற இடம் இது. ஓவியமா பார்த்தா லோகோவுக்குக் காப்புரிமை. அடையாளமா பார்த்தா டிரேட்மார்க். ரெண்டும் தனித்தனி. கோகோ கோலாவோட அந்த வளைஞ்ச எழுத்தைப் பாருங்க. 19ஆம் நூற்றாண்டுல வந்தது. காப்புரிமை எப்பவோ முடிஞ்சாச்சு. அதனால காமன்ஸ்ல தாராளமா இருக்கு. அதை நம்பி நீங்க ஒரு சோடா பாட்டில்ல ஒட்டி வித்தீங்கன்னா நோட்டீஸ் வீடு தேடி வரும், ஏன்னா டிரேட்மார்க் உயிரோட இருக்கு. இந்தியாவுலயும் டிரேட்மார்க்கை 10 வருஷத்துக்கு ஒருதடவை புதுப்பிச்சுக்கிட்டே இருந்தா அதுக்கு முடிவே கிடையாது.

அதே மாதிரி, வெறும் எழுத்தும் எளிய வடிவமும் மட்டும் உள்ள லோகோவுக்கு அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமையே வராது. ஐபிஎம்மோட கோடு போட்ட எழுத்து காமன்ஸ்ல இருக்கறது அதனாலதான். இந்த அளவுகோல் நாட்டுக்கு நாடு மாறும். ‘எட்ஜ்’ங்கற பத்திரிகையோட லோகோவுல எழுத்துகள் கொஞ்சம் நீட்டப்பட்டு, ‘இ’ எழுத்தோட நடுக்கோட்டுல ஒரு சாய்வும் நீட்டலும் இருக்கும், அவ்வளவுதான். 2011ல இங்கிலாந்து நீதிமன்றம் அதுக்கே காப்புரிமை உண்டுன்னு சொல்லிடுச்சு. “சிம்பிளாதானே இருக்கு”ன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க.

அப்போ முறையா எப்படி ஏத்துறது?

ஆங்கில விக்கிப்பீடியாவோட சொந்தப் பதிவேற்றப் பக்கத்துக்குப் போங்க. காப்புரிமை உள்ளது, நியாயப் பயன்பாடுங்கற வழியை எடுங்க. அதுக்குள்ள லோகோவுக்குன்னே தனி வகை இருக்கு. எந்தக் கட்டுரைக்கு, எதுக்காக, இதுக்குப் பதிலா இலவசப் படம் ஏன் கிடைக்காதுன்னு எழுதணும். கம்பெனியை வாசகர் அடையாளம் காண, கட்டுரைத் தலைப்புல வைக்கறதுக்குங்கறதுதான் வழக்கமான காரணம். பிரிண்ட் போடுற தரத்துல ஃபைலைக் கொடுக்காதீங்க. மொத்தம் ஒரு லட்சம் பிக்சலுக்குள்ள, அதாவது ஏறக்குறைய 300க்கு 300 இருந்தா போதும். பெரிசா ஏத்தினா அவங்களே சுருக்கிடுவாங்க. கட்டுரை முதல்ல இருக்கணும். வரைவுப் பக்கத்துலயோ உங்க யூசர் பக்கத்துலயோ இந்த வகைப் படத்தை வைக்க முடியாது. எந்தக் கட்டுரையிலயும் இல்லாம தனியா கிடந்தா 7 நாள்ல நீக்கத்துக்குப் போயிடும். அமெரிக்கச் சட்டம் கேக்குறதை விட இந்த விதிகள் கடுமை. வேணும்னேதான் அப்படி வெச்சிருக்காங்க.

இன்னொண்ணு, இதை நிறைய பேர் விட்டுடறாங்க. சம்பளம் வாங்கிட்டு கம்பெனிக்காக விக்கிப்பீடியாவுல எழுதினா, அதை வெளிப்படையா சொல்லணும். 2014ல இருந்து பயன்பாட்டு விதியிலயே இருக்கு. கட்டுரையை நேரா திருத்துறதை விட, பேச்சுப் பக்கத்துல “நான் இந்த நிறுவன ஊழியர், லோகோ சேர்க்க முடியுமா?”ன்னு கேக்கறதுதான் கௌரவமான வழி.

கம்பெனி அனுமதி கொடுக்காமலே லோகோ அங்க இருந்தா? பெரும்பாலும் ஒண்ணும் பண்ண முடியாது. 2010ல எஃப்பிஐயே முயற்சி பண்ணிச்சு. தங்களோட முத்திரையை நீக்கச் சொல்லி விக்கிமீடியாவுக்குக் கடிதம் போட்டாங்க. அமெரிக்க அரசோட படைப்புக்குக் காப்புரிமை கிடையாது. அதனால அவங்க பிடிச்சது பேட்ஜ், சின்னம் பத்தின வேற ஒரு குற்றவியல் சட்டத்தை. அந்தச் சட்டம் போலி பேட்ஜ் காட்டி ஏமாத்துறவங்களுக்கானது, கலைக்களஞ்சியத்துக்கு இல்லைன்னு விக்கிமீடியாவோட வக்கீல் மைக் காட்வின் பதில் எழுதினார். முத்திரை அங்கயேதான் இருந்துச்சு. ஒரு லோகோ விக்கிப்பீடியாவுல இருக்குன்னா அது அடையாளம் காட்ட மட்டும்தான். அந்த நிறுவனம் பக்கத்தைச் சரி பார்த்துச்சுன்னோ, ஒத்துக்கிச்சுன்னோ அர்த்தம் இல்ல.

சைடுல சேனல் நடத்துறவங்களுக்கு

“விக்கிப்பீடியாவுல இருந்துதானே எடுத்தேன்”ங்கறது பதில் ஆகாது. அந்த நியாயப் பயன்பாட்டுக் காரணம் அந்தக் கட்டுரைக்கு எழுதினது, உங்க தம்ப்நெயிலுக்கு இல்ல. அது அமெரிக்கச் சட்டம் வேற. நம்ம ஊர்ல 52ஆவது பிரிவுல விமர்சனம், நடப்புச் செய்தி, சொந்த ஆராய்ச்சின்னு குறிப்பிட்ட காரணங்கள்தான் இருக்கு. ஒரு பேங்க்கோட கிரெடிட் கார்டை நேர்மையா ரிவ்யூ பண்ணும்போது லோகோ வந்தா, உங்க பக்கம் வாதம் இருக்கு. அதே லோகோவை உங்க காசு கட்டுற கோர்ஸ் விளம்பரத்துல, அவங்களோட சேர்ந்து நடத்துற மாதிரி போட்டா, வாதம் ரொம்ப பலவீனம். பேரை எழுத்துல எழுதுங்க, போதும்.

செபி லோகோ விஷயத்துல இன்னும் ஜாக்கிரதை. பதிவு பெற்ற ஆலோசகர்கூட விளம்பரத்துல அதைப் போடக் கூடாதுன்னு செபியோட விளம்பர விதி சொல்லுது. யாராவது போட்டிருந்தா அதுவே உங்களுக்கு முதல் எச்சரிக்கை. நானும் ஐசிஏஐ மெம்பர்தான், ஆனா இன்ஸ்டிட்யூட்டோட கருடன் சின்னத்தை என் விசிட்டிங் கார்டுல போட முடியாது. மெம்பர்களுக்குன்னு தனியா கொடுத்த சிஏ லோகோ மட்டும்தான்.

தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்த மெயில் இது. வேணும்னா நீங்களும் எடுத்துக்கோங்க:

“சார், காமன்ஸ்ல ஏத்தினா நம்ம லோகோவை யாரும் வணிகத்துக்குப் பயன்படுத்த நிரந்தர அனுமதி கொடுத்த மாதிரி ஆகும். அதுக்கு லீகல் டீம் எழுத்துல ஒப்புதல் கொடுக்கணும். அது வேண்டாம்னா, ஆங்கில விக்கிப்பீடியாவுல சின்ன அளவுல, நியாயப் பயன்பாட்டுல சேர்க்கச் சொல்லி, நான் நிறுவன ஊழியர்னு குறிப்பிட்டுப் பேச்சுப் பக்கத்துல கேக்கறேன். எது பண்ணலாம்னு சொல்லுங்க.”