ஃபாரின்ல ரிட்டையர்மென்ட்: பென்ஷன் கூட வரும், மெடிக்கல் கவர் வராது!



தேவாரம், போடி, கம்பம், சின்னமனூர்னு நம்ம பக்கத்துப் பசங்க பலர் முதல்ல சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போறாங்க. நாலஞ்சு வருஷ அனுபவம் வந்ததும் டொரன்டோ, ஃப்ராங்ஃபர்ட், டோக்கியோன்னு கிளம்பிடறாங்க. சந்தோஷமான விஷயம்தான். ஆனா கிளம்புற அவசரத்துல இரண்டு காரியம் நடக்குது: பி.எஃப். பணத்தை மொத்தமா எடுத்துடறாங்க, ஹெல்த் இன்சூரன்ஸைக் கண்டுக்காம விட்டுடறாங்க. 28 வயசுல எடுக்கிற இந்த இரண்டு முடிவும், 60 வயசுல நீங்க எந்த ஊர்ல நிம்மதியா இருக்க முடியும்ங்கிறதைத் தீர்மானிக்கும்.

வீடியோவுல சொல்ல நேரம் பத்தாத விவரங்களை இங்க எழுதறேன்.

பென்னிகுவிக் காலத்துக் கணக்கு

ஒரு நாட்டுல வேலை பார்த்து இன்னொரு நாட்டுல ஓய்வு பெறுறது நம்ம பள்ளத்தாக்குக்குப் புதுசு இல்லை. முல்லைப் பெரியாறு அணையை 1895-ல் முடிச்ச கர்னல் பென்னிகுவிக், கடைசிக் காலத்தை இங்கிலாந்தின் கேம்பர்லியில் கழிச்சு, 1911-ல் அங்கேயே இறந்தார். அந்தக் காலத்தில் இந்தியாவில் வேலை பார்த்துவிட்டு இங்கிலாந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகளோட பென்ஷன் இந்திய வருவாயிலிருந்துதான் போனது. கொடுத்தது பவுண்டு கணக்கில்.

1870-களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய் கிட்டத்தட்ட 2 ஷில்லிங். 1890-களின் நடுவில் அது சுமார் 1 ஷில்லிங் 2 பென்ஸுக்கு இறங்கிடுச்சு. வாங்குறவருக்கு அதே பவுண்டு, கொடுக்கிற நம்ம கஜானாவுக்கு ரூபாயில் சுமை ஏறியது. கரன்சி ரிஸ்க் முழுக்க இந்தியா தலையில். இன்னைக்கு நீங்க இந்தியச் சேமிப்பை வெச்சு வெளிநாட்டுல ரிட்டையர் ஆனா, அதே ரிஸ்க் உங்க தலையில்!

பி.எஃப்.-ஐ எடுத்துட்டுப் போகலாமா?

உங்க பி.எஃப். இரண்டு பாகம். ஒண்ணு ஈ.பி.எஃப்., உங்க சேமிப்பு. இன்னொண்ணு ஈ.பி.எஸ்., அதாவது பென்ஷன் திட்டம். கம்பெனி பங்கிலிருந்து சம்பளத்தில் 8.33% இதற்குப் போகும். சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய் என்பதால் பெரும்பாலானவங்களுக்கு மாசம் 1,250 ரூபாய். பென்ஷன் கிடைக்க 10 வருஷ சர்வீஸ் வேணும், வயசு 58.

கணக்கு சிம்பிள்: சம்பளம் × சர்வீஸ் வருஷம் ÷ 70. 35 வருஷம் வேலை பார்த்தாலும் 15,000 × 35 ÷ 70 = 7,500 ரூபாய். விலைவாசி ஏறினா தானா ஏறுற ஏற்பாடும் இதுல கிடையாது. அதனால ஈ.பி.எஸ். ஒண்ணை மட்டும் நம்பி யாரும் ரிட்டையர் ஆக முடியாது.

அப்புறம் எதுக்கு அதை விட்டுவைக்கணும்? இங்கதான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் வருது. ஜெர்மனி, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் உட்படப் பல நாடுகளோட இந்தியா இந்த ஒப்பந்தம் போட்டிருக்கு. இந்தியாவில் 6 வருஷம், ஜெர்மனியில் 5 வருஷம் வேலை பார்த்தவருக்குத் தகுதி பார்க்கும்போது இரண்டையும் கூட்டி 11 வருஷமா எடுத்துக்கலாம். அவரவர் நாட்டுப் பங்கை அந்தந்த நாடு கொடுக்கும். 6 வருஷத்துக்கு இந்தியப் பங்கு மாசம் சுமார் 1,285 ரூபாய்தான். சின்னத் தொகைதான், ஆனா வாழ்நாள் முழுக்க வரும், உங்களுக்குப் பிறகு துணைவருக்கும் பென்ஷன் உண்டு. ஈ.பி.எஸ். பணத்தை எடுத்துட்டா அந்த 6 வருஷமும் கணக்கிலிருந்தே அழிஞ்சிடும். எடுக்கிறதுக்குப் பதிலா ஃபார்ம் 10சி-யில் ஸ்கீம் சர்டிஃபிகேட் கேட்டு வாங்கி வைங்க.

கம்பெனியே உங்களை டெபுடேஷன்ல அனுப்பினா, ஈ.பி.எஃப்.ஓ.-விடம் கவரேஜ் சர்டிஃபிகேட் வாங்கச் சொல்லுங்க. ஒப்பந்தம் உள்ள நாட்டில் இரண்டு பக்கமும் பிடித்தம் ஆகாது.

நாட்டுக்கு நாடு ரூல் வேற

அமெரிக்காவோட இந்தியாவுக்கு இந்த ஒப்பந்தம் இல்லை. அங்க சோஷியல் செக்யூரிட்டி பென்ஷனுக்கு 40 கிரெடிட், அதாவது சுமார் 10 வருஷ வேலை வேணும். 8 வருஷத்துல ஊர் திரும்பினா, கட்டின வரியை இந்திய சர்வீஸோட கூட்டிக் காட்டவும் வழி இல்லை.

பிரிட்டன்ல 10 வருஷம் கட்டினா ஸ்டேட் பென்ஷன் தகுதி வரும். ஆனா இந்தியாவில் குடியிருந்தா வருஷாந்திர உயர்வு கிடைக்காது. முதல் மாசம் என்ன வந்ததோ அதே தொகையில் நிக்கும்.

கனடாவில் ஓ.ஏ.எஸ். பென்ஷனை வெளிநாட்டில் இருந்து வாங்க, 18 வயசுக்கு மேல 20 வருஷம் அங்க வசிச்சிருக்கணும். ஒப்பந்தப்படி இந்திய சர்வீஸ் இந்தத் தகுதிக்கு உதவும்.

துபாய்ல வேலை பார்க்கிற நம்மாளுங்களுக்கு மாதப் பென்ஷன் கிடையாது. வர்றது கிராஜுவிட்டி மட்டும்தான். அங்க இருக்கிறவங்க பென்ஷனைத் தானாவே கட்டிக்கணும்.

பெரிய ஓட்டை ஹெல்த்லதான்

பென்ஷன் பணம் பேங்க் வழியா எல்லை தாண்டும். மெடிக்கல் கவர் அப்படித் தாண்டாது. அமெரிக்க மெடிகேர் இந்தியாவில் நடக்கிற சிகிச்சைக்குப் பணம் தராது. நம்ம ஊர் சாதாரண ஹெல்த் பாலிசி இந்தியாவில் நடக்கிற சிகிச்சைக்குத்தான். இந்த இரண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிறது, 60 வயசுல சுகர், பிரஷரோட தேவாரம் திரும்புறவர்.

அப்போ புதுசா பாலிசி எடுக்கலாம். வயசு வரம்பு இப்போ தடை இல்லை. ஆனா பழைய நோய்களுக்கு 3 வருஷம் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். அந்த 3 வருஷத்துல நெஞ்சு வலின்னு மதுரை ஆஸ்பத்திரிக்கு ஓடினா, பில் முழுக்க உங்க கையிலிருந்து. கானாவிலக்குல தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு, அது பெரிய பலம். ஆனாலும் அவசரத்துல எங்க போறதுங்கிற முடிவை பணம் எடுக்காம இருக்கணும்னா பாலிசி கையில் இருக்கணும்.

அதனால வெளிநாடு போகும்போது இந்தியப் பாலிசியை லேப்ஸ் ஆக விடாதீங்க. 5 வருஷம் தொடர்ந்து கட்டின பாலிசியில், மோசடி நிரூபணம் ஆனால் தவிர, 'நீங்க சொல்லாம மறைச்சுட்டீங்க'ன்னு க்ளெய்மை மறுக்க முடியாது. 28 வயசுல பிரீமியமும் கம்மி. கம்பெனி குரூப் பாலிசி மட்டும் இருந்தா, ரிசைன் பண்றதுக்கு முன்னாடியே அதே கம்பெனியில் தனி பாலிசியா மாத்த முடியுமான்னு கேளுங்க.

அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறீங்களா?

கனடா சூப்பர் விசாவுக்குக் குறைஞ்சது 1,00,000 கனடா டாலர் கவர் உள்ள மெடிக்கல் இன்சூரன்ஸ் கட்டாயம். அது அவசர சிகிச்சைக்கானது. தினம் போடுற சுகர் மாத்திரைக்கோ, ஏற்கனவே இருக்கிற நோயோட தொடர் சிகிச்சைக்கோ நம்ப முடியாது, பாலிசி வாசகத்தைப் படிங்க. நிரந்தரமா ஸ்பான்சர் பண்ணினா, கியூபெக் தவிர மத்த மாகாணங்களில் 20 வருஷம் அவங்க செலவுக்கு நான் பொறுப்புன்னு கையெழுத்துப் போடணும். 35 வயசுல போட்டா 55 வரை அந்தப் பொறுப்பு. உங்க சொந்த ரிட்டையர்மென்ட் சேமிப்பு காலமும் அதேதான்!

கிளம்புறதுக்கு முன்னாடி இந்த ஐந்து

1. ஈ.பி.எஸ்.-க்கு ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்குங்க, பணமா எடுக்காதீங்க.
2. உங்க பெயருக்கும் பெற்றோர் பெயருக்கும் தனித்தனி ஹெல்த் பாலிசியைத் தொடருங்க.
3. சாதாரண சேவிங்ஸ் அக்கவுன்ட்டை என்.ஆர்.ஓ.-வா மாத்துங்க.
4. பி.பி.எஃப். இருந்தா முதிர்வு வரை தொடரலாம். என்.ஆர்.ஐ. ஆன பிறகு புதுசா ஆரம்பிக்கவோ நீட்டிக்கவோ முடியாது.
5. போற நாட்டில் பென்ஷனுக்குக் குறைஞ்சபட்ச வருஷம் எத்தனைன்னு எழுதி வைங்க. ஊர் திரும்புற தேதியை முடிவு பண்ணும்போது அந்த எண்ணைப் பாருங்க. 9 வருஷம் 8 மாசத்துல கிளம்பினா, நாலு மாசத்துக்காக ஒரு பென்ஷனையே இழந்திருப்பீங்க.

எந்த நாட்டில் ரிட்டையர் ஆகறதுன்னு இப்பவே முடிவு பண்ண வேண்டாம். அந்த முடிவை 60 வயசுல நீங்களே எடுக்கிற மாதிரி இரண்டு கதவையும் திறந்து வைங்க. இந்த வாரம் ஒரே ஒரு வேலை: யு.ஏ.என். பாஸ்புக்கைத் திறந்து, ஈ.பி.எஸ். சர்வீஸ் எத்தனை வருஷம்னு பாருங்க.