லாரிக்கு முன்னே காகிதம்

லாரி வாங்கினால் தொழில் தொடங்கிவிட்டது என்பது பாதி உண்மைதான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டும் சரக்கு வண்டிக்குப் பொதுவாக பர்மிட் வேண்டும், கூடவே எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், சாலை வரி. ரசீது போட்டு ஊரார் சரக்கைச் சேர்த்து அனுப்பும் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் என்றால், 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனிப் பதிவும் உண்டு.

ஒற்றை லாரிக்காரருக்கு இத்தனை காகிதம் எதற்கு, வீண் செலவுதானே என்பார்கள். செலவுதான், வீணல்ல. காகிதத்தில் குறித்த எடையைவிட ஒரு டன் கூடுதலாக ஏற்றிப் பிடிபட்டாலே 20,000 ரூபாயோடு டன்னுக்கு 2,000 ரூபாய் அபராதம். இறக்கும் கூலியும் நம் தலையில். விபத்து இன்னும் பெரிது. பர்மிட் இல்லாத வண்டி மோதினால், இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த இழப்பீட்டை உரிமையாளரிடமே வசூலிக்க நீதிமன்றங்கள் அனுமதித்திருக்கின்றன. ஆகவே, காகிதம் வண்டிக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் காப்பு.