பூட்டுக்கு அடங்காத திருடன்

மிஸ்டர் பீனின் காரைப் பார்த்திருப்பீர்கள். எலுமிச்சைப் பச்சை உடம்பு, கறுப்பு மூக்கு. யாரும் திருடிவிடக் கூடாது என்று கதவில் தாழ்ப்பாள் வைத்து, நம் வீட்டு வாசலில் தொங்குவது போன்ற பூட்டு ஒன்றையும் மாட்டியிருப்பார்!

அந்தக் காரின் பெயர் மினி. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்தது. 1959-இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி, 2000 வரை 50 லட்சத்துக்கும் மேல் தயாரானது. பழைய மினியை வீட்டுப் பிள்ளை போல வளர்ப்பவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய பெரிய பயம் பூட்டை உடைக்கும் திருடன் அல்ல. பூட்டைத் தொடாமலே காரைத் தின்றுவிடும் துரு!

அது எங்கே ஒளிந்திருக்கும்? காரில் ஏறும்போது கதவுக்குக் கீழே ஒரு நீளமான விளிம்பைத் தாண்டிக் கால் வைக்கிறோம் அல்லவா? அது முழு இரும்பு இல்லை. மெல்லிய எஃகுத் தகடுகளை மடித்து, ஒன்றோடொன்று பற்றவைத்த பெட்டி. உள்ளே வெறும் காற்றுதான். ஏன் இப்படி? மூங்கிலை நினைத்துப் பாருங்கள். உள்ளே ஒன்றுமில்லை, ஆனால் எவ்வளவு பாரம் தாங்குகிறது! காரும் அப்படித்தான், எடை குறைவு, வலு அதிகம்.

ஆனால் அந்தப் பொந்துக்குள் நம் கண்ணும் போகாது, பழைய காலத்துப் பெயிண்டும் சரியாகப் போய்ச் சேரவில்லை. இப்போதெல்லாம் தொழிற்சாலையில் காரின் முழு உடம்பையும் பெயிண்ட் தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். பல தகடுகளுக்குத் துத்தநாகப் பூச்சும் உண்டு. பழைய மினிக்கு இந்த அளவுக்குக் கொடுப்பினை இல்லை.

துருப்பிடிக்க மூன்று பேர் சந்திக்க வேண்டும்: இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன். இரும்பு அணு எலக்ட்ரான்களைக் கொடுக்கும், ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளும். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு ஈரம்தான் சந்தைக்கடை. ஈரத்தில் உப்பும் கலந்துவிட்டால் வியாபாரம் படுவேகம், ஏனென்றால் உப்பு நீரில் மின்சாரம் எளிதாகப் பாயும்.

இங்கிலாந்துச் சாலையில் உப்பு எப்படி வந்தது? குளிர்காலத்தில் சாலையில் தண்ணீர் உறைந்து, வண்டிகள் வழுக்கும். உப்பு கலந்த நீர் 0 டிகிரியில் உறையாது. அதனால் லாரிகளில் கொண்டுவந்து கல் உப்பைத் தூவுகிறார்கள். இந்த உப்பை வெட்டி எடுக்கவே செஷயர் பகுதியில் வின்ஸ்ஃபோர்ட் என்ற ஊரில் பெரிய சுரங்கம் இருக்கிறது. டயர் வாரியடிக்கும் உப்புத் தண்ணீர், காரின் அடியில் உள்ள துளைகள் வழியாகப் பொந்துக்குள் போய்விடும்.

“துளையை அடைத்துவிட்டால்?” என்று கேட்கிறீர்களா? அங்கேதான் ஏமாறுவோம்! கார் ஜன்னல் கண்ணாடியில் வழியும் மழை நீர் கதவுக்குள்ளேயும் இறங்கும். அது வெளியேற வைத்த வழிதான் கதவின் அடியில் உள்ள துளைகள். பொந்தின் துளைகளும் ஈரம் வெளியேறத்தான். மழையே இல்லாவிட்டாலும், குளிர்ந்த தண்ணீர் டம்ளருக்கு வெளியே வியர்ப்பது போல, குளிர்ந்த இரவில் தகட்டின் மேல் ஈரம் படியும். துளையை அடைத்தால் அந்த ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

இரும்பைவிடத் துருவுக்கு அதிக இடம் வேண்டும். அது உப்பி, பெயிண்டைத் தள்ளி, பொருக்காக உதிரும். பிறகு புதிய இரும்பு வெளியே தெரியும், அதுவும் துருப்பிடிக்கும். மாம்பழத்துக்குள் வண்டு இருப்பது வெளியே தெரியாதே, அதுபோல வெளியே ஒரு கொப்புளம் தெரிவதற்குள் உள்ளே பாதி தகடு போயிருக்கும்.

இதைத் தடுக்கத்தான் கேவிட்டி வாக்ஸ். சொத்தைப் பல்லைப் பார்த்துப் பல் டாக்டர் ‘கேவிட்டி’ என்பாரே, அதே சொல். பொந்துக்குள் பூசும் மெழுகு என்று பொருள்.

முதலில், வெயில் நாளில் காரை நன்றாகக் காயவைக்கிறார்கள். மெழுகு டப்பாவை வெந்நீரில் வைத்துச் சூடேற்றுகிறார்கள். மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெய்ப் புட்டியை நாம் வெந்நீரில் வைப்பதில்லையா? பிறகு நீளமான மெல்லிய குழாயைத் துளைக்குள் விட்டு, பின்னோக்கி இழுத்துக்கொண்டே தெளிக்கிறார்கள். குழாயின் நுனி எல்லாப் பக்கமும் மெழுகைச் சாரலாகப் பீய்ச்சும்.

வேடிக்கை இனிமேல்தான். திரியில் எண்ணெய் ஏறுவது போல, இரண்டு தகடுகள் சேரும் மயிரிழை இடுக்குக்குள் மெழுகு தானாகவே ஊர்ந்து போகும். இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். தண்ணீரும் இதே வழியில்தான் இடுக்குக்குள் நுழையும். மெழுகு முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடுகிறது! மெழுகோடு கலந்திருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போக, மெழுகு மெல்லிய படலமாகத் தங்கும். கார் குலுங்கினாலும் கெட்டியான பூச்சு போல வெடிக்காது. கடைசியில், அடைபட்ட துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும். மெழுகு துருவை இரும்பாக மாற்றாது. வந்த பின் பூசுவதைவிட வருமுன் பூசுவதே நல்லது.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். மூன்று சாதாரண இரும்பு ஆணிகளை எடுங்கள். (துத்தநாகப் பூச்சு ஆணி வேண்டாம்.) உப்புத்தாளால் தேயுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இன்னொன்றில் நகப்பூச்சு பூசி, காய்ந்ததும் ஊசியால் ஒரு கோடு கீறுங்கள். மூன்றாவதில் வாசலின் தடவுங்கள். தனித்தனி டம்ளரில் உப்புத் தண்ணீர் ஊற்றி, ஆணிகளைப் போடுங்கள். ஒரு வாரம் தினமும் பார்த்துக் குறித்து வையுங்கள். கீறிய கோட்டின் மேல் ஒரு கண் இருக்கட்டும்!

அப்படியே உங்கள் சைக்கிளையும் கவிழ்த்துப் பாருங்கள். அதன் உடம்பும் வெற்றுக் குழாய்தானே? பெடல் சுழலும் இடத்துக்கு அடியில் சின்னத் துளை ஏதாவது இருக்கிறதா? இருந்தால், அது எதற்கு என்று இனி நீங்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை.