இடியும் மின்னலும்

இடி இடித்ததும் "அர்ஜுனா, அர்ஜுனா" என்று காதைப் பொத்திக்கொள்வது நம் வீடுகளில் வழக்கம். பாவம், அர்ஜுனனை அழைப்பதில் நாம் சற்றுப் பிந்திவிடுகிறோம்! கொல்வது இடியன்று, மின்னல். இடி காதில் விழுந்ததென்றால் அந்த மின்னல் நம்மை விட்டுவிட்டதென்றே பொருள். அஞ்ச வேண்டியது அடுத்ததற்கு.

மேகத்தினுள் பனித்துணுக்குகளும் சிறு ஆலங்கட்டிகளும் ஓயாது மோதுவதால் மின்சாரம் இரு கூறாகப் பிரிந்து திரள்கிறது. இடையிலுள்ள காற்று தாங்கும் அளவை மீறியதும் தரைக்கு வழி பிளந்துகொண்டு பாய்கிறது. அவ்வழியின் அகலம் ஓரிரு அங்குலமே. ஆயினும் அங்குள்ள காற்று சுமார் 30,000 டிகிரி வரை சூடேறுகிறது. சூரியனுடைய மேற்பரப்பின் உஷ்ணத்தைப்போல் ஐந்து மடங்கு! க்ஷணத்தில் காய்ந்த காற்று வெடித்து விரிவதே இடி. மின்னற்பாதை மைல் கணக்கில் நீள்வதால், அருகிலெழுந்த ஓசை முன்னும் தொலைவிலெழுந்தது பின்னுமாக வந்து, உருட்டலாகக் கேட்கிறது.

1753-ல் ஸெயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ரிக்மன் என்னும் பேராசிரியர், மேகத்தின் மின்சாரத்தை அளப்பதற்காகக் கூரையிலிருந்து ஓர் இரும்புக் கம்பியை அறைக்குள் இறக்கியிருந்தார். அதைப் பூமியுடன் இணைக்கவில்லை. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், இடிமழையின்போது கருவியைக் குனிந்து நோக்கியவர் நெற்றியில் மின்சாரம் பாய்ந்தது, அங்கேயே மாண்டார். பூமியை அடைய அவருடலே வழியாயிற்று. தனிமரத்தடியில் ஒதுங்குவோர் கதியும் இதுவே. மரத்தைவிட மனித உடல் மின்சாரத்துக்கு எளிய வழி.

மின்னியதும் எண்ணத் தொடங்குங்கள். ஓசை ஒரு மைல் கடக்க ஏறக்குறைய 5 வினாடி. 30 எண்ணுமுன் இடி கேட்டால் வீட்டினுள் புகுந்துவிடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி சென்றபின் வெளியே வரலாம்.