புலவர் பாடிய அரபு நாடு

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கிச் சமவெளியைத் தொடுகிறது. அதனை அடுத்து அமைந்த ஊர் விக்கிரமசிங்கபுரம். மலையில் மழை, ஆற்றில் வெள்ளம், கால்வாயில் நீர், வயலில் காரும் பிசானமுமாக நெல் என்பது அப்பகுதியின் இயல்பு. இவ்வளத்தை அறிந்த நீங்கள் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தைப் படித்தால் வியப்புறுவீர்கள். 17ஆம் நூற்றாண்டில் உமறுப் புலவர் அங்கே பாடியது அரபு நாட்டை. ஆயினும் முகில் மலைமேல் பொழிகிறது, வெள்ளம் பெருகுகிறது, உழவர் நெல் விளைவிக்கின்றனர்!

மக்காவிலோ ஆறு இல்லை. விளைச்சலற்ற பள்ளத்தாக்கில் தம் சந்ததியைக் குடியமர்த்தியதாக நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் இறைவனிடம் முறையிட்டதைத் திருமறையின் 14ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. அவ்வாறாயின் புலவர் பொய்யுரைத்தாரா?

இல்லை. தலைவனின் நாட்டை நீர்வளமும் நிலவளமும் பொருந்தியதாகப் பாடுவது தமிழ்க் காப்பிய மரபு. பாடியவரும் அறிவார், கேட்டவரும் அறிவார். அதை நம்பி மக்காவில் நெல்வயல் தேடியவர் எவருமிலர். தம் உள்ளத்து அன்பைத் தம் மண்ணின் வளத்தால் புலவர் அலங்கரித்தார். அவ்வளவே.

ஆனால் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றுக்கு அவர் மார்க்க அறிஞர்களை நாடினார். காயல்பட்டினம் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களிடம் அவர் சென்றதைப் பற்றிக் கனவுகளோடு கூடிய கதையொன்று வழங்குகிறது. அதையும் செவிவழிச் செய்தியென்றே சொல்லுதல் நேர்மை.

அன்பர்களே! எல்லை இங்கேதான் இருக்கிறது. நிலத்தை அலங்கரிக்கலாம், நபிமொழியை அலங்கரிக்கலாகாது. தம்மீது வேண்டுமென்றே பொய்யுரைப்பவர் நரகில் தம் இருப்பிடத்தைத் தேடிக்கொள்ளட்டும் என அண்ணலார் எச்சரித்துள்ளார்கள். கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்பதும் அவர்களின் அறிவுரையே. மக்களை நன்மைக்குத் தூண்டுவதாக எண்ணி ஹதீஸ் புனைந்தோரும் அக்காலத்தில் இருந்தனர். 12ஆம் நூற்றாண்டில் பக்தாதின் இமாம் இப்னுல் ஜவ்ஸீ அவர்கள் புனையப்பட்ட அறிவிப்புகளைத் தனி நூலாகவே தொகுத்து அடையாளம் காட்டினார்கள். நோக்கம் நன்றாயினும் பொய் மெய்யாகிவிடாது.

இன்று இக்கடமை ஒவ்வொரு வீட்டையும் சார்ந்தது. கைபேசியில் வரும் செய்தி நபிமொழி என்ற பெயரோடு வந்தால், எந்த நூலில் உள்ளது, அறிஞர்கள் அதை ஏற்றனரா என ஆலிம்களிடம் கேட்டறியுங்கள். தெளிவு பெறும் வரை பிறருக்கு அனுப்பாதீர்கள். பிள்ளைகளுக்குக் கிஸ்ஸாக்களைத் தாராளமாகச் சொல்லுங்கள். கற்பனையும் இறைவன் தந்த அருட்கொடையே. ஆனால் “இது கதை, இது ஹதீஸ்” எனப் பிரித்துச் சொல்லுங்கள். அவ்வாறு வளரும் பிள்ளை, பின்னாளில் கதை கதையே எனத் தெளியும்போது தீனையும் ஐயுறாது.

வல்ல அல்லாஹ் நம் நாவுகளை வாய்மையில் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.