உங்களுக்குத் தெரியுமா? உண்டு நெடுநேரம் சென்றபின் தோன்றும் ஒவ்வாமை

சிவகாசியிலும் சாத்தூரிலும் விடியற்காலையில் சிசுவுக்குப் பால் கலந்த கூழை ஊட்டிப் பாட்டியின் மடியில் விட்டுவிட்டு, பட்டாசுத் தொழிற்சாலைக்குப் பேருந்து ஏறும் தாய்மார் பலர். 1 முதல் 4 மணி நேரம் கழிந்த பின்னர் அக்குழந்தை அடுத்தடுத்து வாந்தியெடுத்து, முகம் வெளிறி, நனைந்த துணிபோல் துவண்டுவிடுமாயின், கண்ணேறென்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவதும், கந்தக நெடியின்மேல் பழி சுமத்துவதும் இயல்பே. காலையில் உண்ட ஆகாரத்தை எவரும் நினைப்பதில்லை.

இவ்வறிகுறிகள் உணவுப் புரதத்தால் விளையும் குடல் ஒவ்வாமையினாலும் வரலாம். இதில் தோலில் தடிப்பு எழுவதில்லை. சருமப் பரீட்சையும் பெரும்பாலும் ஒன்றையும் காட்டாது. ஆதலால் ஊட்டியவரின் ஞாபகமே தலையாய சோதனை என்பேன். பசும்பாலும் சோயாவும் மட்டுமன்று, சாதுவான பதார்த்தமென நாம் நம்பி முதன்முதல் ஊட்டும் அரிசியும் இதற்கு ஹேதுவாகலாம்! ஊட்டியது என்ன, எத்தனை மணிக்கு, வாந்தி எப்போது என்பவற்றைச் சிவகாசியில் அச்சான தினசரிக் காலண்டரின் கிழித்த தாளிலேனும் குறித்து வைத்து வைத்தியரிடம் காட்டுங்கள்.

குழந்தை துவண்டால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். உடல் இழந்த நீரைச் சிரைவழி ஏற்றுவதே முதற் சிகிச்சை. பின்னர் அவ்வுணவை விலக்க வேண்டும். தாய்ப்பாலைத் தாமாக நிறுத்தலாகாது. பள்ளிப் பருவத்துக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது நீங்கிவிடும். எனினும் மீண்டும் ஊட்டிப் பார்ப்பது வைத்தியர் கண்காணிப்பிலேயே நிகழ வேண்டும்.